தேதி இல்லாத கட்டம் காலியாகவே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொங்கு வட்டாரத்தில் இன்று ரசீது, நோட்டீஸ், கணக்கு அட்டை என்று எதைக் கையில் வாங்கினாலும் அது கம்ப்யூட்டரில் அச்சானதாகவே இருக்கிறது. நகைக்கடன் அட்டை, நூல் கடை பில், லாரி புக்கிங் ரசீது, பால் சொசைட்டிப் பட்டியல், பள்ளிக் கட்டண அட்டை என எல்லாவற்றிலும் தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டங்களில் 01-01-1900 என்றும், 01-01-0001 என்றும், 30-12-1899 என்றும், 01-01-1970 என்றும் அச்சாகியிருப்பதை வாசகர்கள் எப்போதாவது பார்த்திருப்பார்கள். ‘கம்ப்யூட்டர் மிஸ்டேக்’ என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் அந்த மென்பொருளை எழுதியவர், ‘இங்கே இன்னும் தேதி இல்லை’ என்ற நிலைக்கு இடம் ஒதுக்கவில்லை என்பதற்கு அந்தத் தேதிகளே சாட்சி. இது தடுக்கக்கூடிய பிழை. தடுக்கும் வழியும் நிரல்மொழிகளிலேயே நெடுங்காலமாக இருக்கிறது.

கோவை சரவணம்பட்டியில் இருந்துகொண்டு திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், பிறர் எழுதிய பழைய மென்பொருளைச் சீர்செய்வதும் என் தொழில். இந்தத் தேதிக் குளறுபடியைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களே தவிர, அதனால் பாதிக்கப்படுகிறவர்களிடமும், காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிற முதலாளிகளிடமும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதத் தங்கள் நாளிதழில் இடம் தருமாறு வேண்டுகிறேன்.

மேலே சொன்ன தேதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட் நெட் என்ற மென்பொருள் தளத்தில் ‘டேட்டைம்’ என்ற வகையில் எழுதப்படும் தேதி, உள்ளுக்குள் ஓர் எண்ணாகவே இருக்கிறது. கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்பதை 100 நானோ விநாடி கொண்ட அலகுகளாக எண்ணிச் சொல்வது அது. யாரும் எதையும் எழுதாத நிலையில் அந்த எண் பூஜ்ஜியமாக இருக்கும். பூஜ்ஜியத்தைத் தேதியாக அச்சிட்டால் 01-01-0001 என்று வரும். அதே நிறுவனத்தின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில், அதாவது தகவல்களைச் சேமித்துவைக்கும் மென்பொருளில், தேதிக் கட்டத்துக்கு ஓர் எழுத்துகூட இல்லாத வெற்று எழுத்துத் தொடரை அனுப்பினால், அது தானாகவே 01-01-1900 என்று மாற்றிக்கொள்ளும். எக்செல்லில் பூஜ்ஜியம் உள்ள கட்டத்தைத் தேதியாகக் காட்டச் சொன்னால், ஜனவரி மாதத்தின் பூஜ்ஜியமாவது நாள் என்று உலகில் இல்லாத ஒரு நாளைக் காட்டும். இன்றும் நம் ஊர்க் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய விஷுவல் பேசிக் 6 மென்பொருள்களில் பூஜ்ஜியத் தேதி என்பது 30-12-1899. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளும் ஜாவாஸ்கிரிப்டும் 1970 ஜனவரி 1-ஐ எண்ணிக்கையின் தொடக்கமாக வைத்திருப்பதால், காலியான தேதி அங்கே 01-01-1970 ஆகிவிடுகிறது. அதோடு நேரமும் அச்சானால், இந்திய நேரப்படி காலை 5.30 என்று காட்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் ஒரு படி மேலே போய், எல்லாமே பூஜ்ஜியமான 0000-00-00 என்ற தேதியைப் பல ஆண்டுகள் அனுமதித்தது; 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பான அமைப்பிலேயே அதை மறுக்கத் தொடங்கியது.

இவற்றுள் 1900-க்கு இன்னொரு வரலாறும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய தேதி வகை 1753-ஆம் ஆண்டுக்கு முந்தைய எந்தத் தேதியையும் ஏற்காது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே 1753-ஐ எல்லையாக வைத்தார்கள். ஆகவே டாட் நெட்டில் தானாக உருவாகும் 01-01-0001 என்ற தேதியை அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்பினால், தேதி எல்லை மீறிவிட்டது என்ற பிழைச்செய்தி வந்து மென்பொருள் நின்றுவிடும். வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். அன்று மாலைக்குள் சரியாக வேண்டும். நிரலாளர் என்ன செய்கிறார் என்றால், தேதி காலியாக இருந்தால் 01-01-1900 என்று எழுது என ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார். பிழைச்செய்தி மறைந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் பொய் சேரத் தொடங்குகிறது.

இதற்கான சரியான வழி 2005-ஆம் ஆண்டிலேயே, டாட் நெட்டில் நிரல் எழுதப் பயன்படும் சி ஷார்ப் மொழியின் இரண்டாம் பதிப்போடு வந்துவிட்டது. ‘நல்லபிள் டைப்’ என்று நிரலாளர்கள் சொல்லும் வகை அது. டேட்டைம் என்று எழுதி அதன் பின்னால் ஒரே ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தால் போதும். அதன் பிறகு அந்தத் தேதிக் கட்டம் இரண்டு செய்திகளைச் சுமக்கும். ஒன்று, இங்கே மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது. மற்றொன்று, இருந்தால் அது எந்தத் தேதி என்பது. ஈரோட்டு மஞ்சள் கிடங்கில் சரக்கு இல்லாத அறையின் கதவில் ‘காலி’ என்று பலகை மாட்டிவைத்தால் யாரும் உள்ளே போய் மூட்டைகளைத் தேட மாட்டார்கள் அல்லவா, அந்தப் பலகையின் வேலையைத்தான் முதல் செய்தி செய்கிறது. மதிப்பு இல்லாதபோது அதைப் பிடுங்கி எடுக்க முயன்றால் மென்பொருள் உடனே பிழை என்று நின்றுவிடும். பொய்யான தேதியோடு தொடர்ந்து ஓடாது. கோட்லின், ஸ்விஃப்ட், ரஸ்ட் போன்ற பின்னாளைய மொழிகளில் இந்த எண்ணம் அடித்தளத்திலேயே அமைந்திருக்கிறது. டேட்டாபேஸ்களிலோ, ‘இங்கே எதுவும் இல்லை’ என்று குறிக்கும் வெற்று மதிப்பு (நல்) என்பது சி ஷார்ப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு.

அப்படியிருந்தும் ஏன் இது இன்றும் நடக்கிறது என்பதையும், நடந்தால் என்ன ஆகிறது என்பதையும் ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர், தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் நகையை வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கடன் புதிது, இன்னும் வட்டி எதுவும் கட்டவில்லை. ஆகவே ‘கடைசியாக வட்டி கட்டிய தேதி’ என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும். அட்டையில் 01-01-1900 என்று அச்சாகியிருந்தது. என்னிடம் அதைக் காட்டி, “ஏனுங் தம்பி, எங்க அம்மிச்சி பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வட்டி கட்டுனதாப் போட்டிருக்குதுங்க, இதனால நகைக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?” என்று கேட்டார். நகைக்கு ஒன்றும் ஆகாது, நிறுவனத்தில் சொல்லித் திருத்தி வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கவுன்ட்டரில் இருந்த ஊழியர் நல்ல எண்ணத்தோடுதான், அந்த இடத்தைக் காலியாக்க மென்பொருளில் வழி இல்லாததால், அன்றைய தேதியைப் போட்டு வேறு அட்டை அடித்துக் கொடுத்தார். அட்டை பார்ப்பதற்குச் சரியாக இருந்தது. ஆனால் கடன் வாங்கிய நாளிலிருந்து அன்றுவரை வட்டி கட்டிவிட்டதாக நிறுவனத்தின் கணக்கு எடுத்துக்கொண்டது. பின்னால் கணக்கைச் சரிபார்த்தவர்கள் பணம் வராமல் வட்டி வரவானது எப்படி என்று அந்த ஊழியரையும், எந்தத் தவறும் செய்யாத அந்த அம்மாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று. 01-01-1900 என்பது கண்ணில் படும் பிழை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதை நம்ப மாட்டார்கள். அன்றைய தேதி கண்ணில் படாத பொய். அதை ஆண்டுகள் கழித்தும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், துணி சாயப்பட்டறைக்குப் போன தேதி, சாயம் ஏறித் திரும்பிய தேதி, பெட்டி கட்டி அனுப்பிய தேதி என்று ஒவ்வோர் ஆர்டருக்கும் வரிசையாகக் கட்டங்கள் இருக்கின்றன. ஆர்டர் முடிந்து அனுப்ப எத்தனை நாள் ஆகிறது என்று சராசரி பார்க்கும்போது, அனுப்பாத ஓர் ஆர்டரில் 1900 என்று இருந்தால், வித்தியாசம் 45,000 நாட்களுக்கு மேல் வந்து கணக்கே குப்புற விழும். மேனேஜர் உடனே கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அதே இடத்தில் அன்றைய தேதி இருந்தால், அனுப்பாத சரக்கு அனுப்பியதாகக் காட்டும், சராசரியும் நம்பும்படியாகவே இருக்கும், வெளிநாட்டு வாங்குபவர் சரக்கு எங்கே என்று கேட்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. வெற்று மதிப்பாக இருந்திருந்தால், டேட்டாபேஸின் சராசரிக் கணக்கு அந்த வரியைத் தானாகவே விட்டுவிட்டு, அனுப்பிய ஆர்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும்.

அன்றைய தேதி இப்படி நுழைவதற்குத் திரையில் இருக்கும் தேதிப் பெட்டியும் ஒரு காரணம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் மென்பொருள்களில் வரும் தேதிப் பெட்டியைக் காலியாக விட முடியாது. திறந்தவுடன் அது அன்றைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும். தட்டச்சு செய்பவர் தொடாமல் விட்டாலும் சேமிக்கும்போது அந்தத் தேதி உள்ளே போய்விடும். அதே பெட்டியின் பக்கத்தில் ஒரு டிக் கட்டத்தைக் காட்டவைக்க அமைப்பு ஒன்று உண்டு. டிக் செய்யாவிட்டால் தேதி இல்லை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் அந்த டிக்கைப் பார்த்து வெற்று மதிப்பை அனுப்பும் வேலையை நிரலாளர்தான் எழுத வேண்டும். தேதிப் பெட்டியிலிருந்து நிரலுக்கும், நிரலிலிருந்து டேட்டாபேஸுக்கும், அங்கிருந்து ரிப்போர்ட்டுக்கும், ரிப்போர்ட்டிலிருந்து எக்செல்லுக்கும் வெற்று மதிப்பு வெற்றாகவே போய்ச் சேர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அடைபட்டாலும் அங்கே ஒரு போலித் தேதி பிறக்கும். தொழிலில் இருக்கும் இளையவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: டாட் நெட்டின் வெற்று மதிப்பும் டேட்டாபேஸின் வெற்று மதிப்பும் ஒன்றல்ல. பழைய ஏடிஓ டாட் நெட் முறையில் முன்னதை நேராக அனுப்பினால், மதிப்பே தரப்படவில்லை என்று பிழை வரும். டிபிநல் என்ற தனி மதிப்பாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இந்த இடத்தில் சலித்துப்போய் 1900-க்குத் திரும்பிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

நல்லபிள் வகையைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், அதைவிட நுட்பமான ஒரு தவறு காத்திருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சரக்கு லாரிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பத்து, இருபது வண்டி வைத்திருப்பவர், எஃப்.சி. முடியும் தேதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்த மாதக் கடைசிக்குள் முடிகிற வண்டிகள் எவை என்று பட்டியல் கேட்கிறார். ஏதோ ஒரு வண்டிக்குத் தேதி ஏற்றாமல் விடுபட்டுக் காலியாக இருக்கிறது. வெற்று மதிப்பை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும், முந்தையதா என்றாலும் ஆம் என்ற விடை வராது, பிந்தையதா என்றாலும் வராது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் அந்த ஒப்பீட்டின் விடை ‘தெரியாது’ என்பது. சி ஷார்ப்பில் இரண்டுக்குமே ‘இல்லை’ என்று விடை வரும். ஆகவே அந்த வண்டி, முடியப்போகிற வண்டிகளின் பட்டியலிலும் வராது, இன்னும் காலம் இருக்கிற வண்டிகளின் பட்டியலிலும் வராது. முதலாளி பட்டியலைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். வண்டி செக்போஸ்ட்டில் நிற்கும்.

இதற்கு மூன்றாவதாக ஒரு பட்டியல் வேண்டும்: தேதி பதியப்படாத வண்டிகள். இரண்டு பட்டியல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்த வண்டிகளின் எண்ணிக்கை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. வெற்று மதிப்பு உள்ள இடத்தில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும். ஆகவே தேதியைக் கொண்டு பிரித்துக் காட்டும் எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும், தேதி இல்லாதவை எத்தனை என்று கீழே ஒரு வரி இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரியைக் கேட்டு எழுதுவதற்கும் முறை உண்டு. எஸ்க்யூஎல்லில் சமக்குறி போட்டு வெற்று மதிப்பைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். வரிசைப்படுத்தும்போதும் கவனம் தேவை. ஏறுவரிசையில் எஸ்க்யூஎல் சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் காலியானவற்றை முதலில் வைக்கும். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸ்ஸும் கடைசியில் வைக்கும். டேட்டாபேஸை மாற்றுகிற நிறுவனங்களில், முதல் பக்கத்தில் பார்த்துப் பழகிய விடுபட்ட பதிவுகள் திடீரென்று கடைசிப் பக்கத்துக்குப் போய், பார்ப்பாரற்றுக் கிடக்கின்றன.

அடுத்து, காலியாக இருப்பதிலும் வகை உண்டு. அனுப்பிய தேதி காலியாக இருப்பதற்குக் காரணம், அது இன்னும் நடக்கவில்லை என்பது. ஒரு மூதாட்டியின் பிறந்த தேதி காலியாக இருப்பதற்குக் காரணம், நடந்தது ஆனால் தெரியவில்லை என்பது. திருமணமாகாதவரின் படிவத்தில் திருமணத் தேதி காலியாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கேள்வியே அவருக்குப் பொருந்தாது என்பது. டேட்டாபேஸ்களின் அடிப்படைக் கோட்பாட்டை 1970-இல் வகுத்த எட்கர் காட் இந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கருதினார். பொருந்தும் ஆனால் தெரியாது என்பதற்கு ஒன்று, பொருந்தவே பொருந்தாது என்பதற்கு ஒன்று என இரண்டு வெவ்வேறு அடையாளங்கள் வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். நடைமுறையில் டேட்டாபேஸ்கள் ஒன்றோடு நின்றுவிட்டன. எனவே காரணம் முக்கியமாக உள்ள இடங்களில், தேதிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘ஏன் காலி’ என்பதற்கு ஒரு சிறு கட்டம் வைத்துக்கொள்வதுதான் வழி.

பிறந்த தேதி விஷயத்தில் நம் ஊர் அனுபவம் பெரியது. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் பலருக்குச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வயதுக்கு ஏற்றபடி எழுதிய தேதி. ஆகவேதான் அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. “பெரிய பஞ்சத்துக்கு மறு வருஷம்”, “அணைக்கட்டு கட்டுனப்போ நான் கைக்குழந்தை” என்று சொல்லுவார்கள். ஆண்டைக் கணிக்கலாம், நாளைக் கணிக்க முடியாது. ஆதார் அட்டைகளில் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருப்பது இதனால்தான். அது நேர்மையான பதிவு என்றே சொல்வேன். ஆனால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்தில் விண்ணப்பிக்கப் போனால், அங்கே திரை நாளையும் மாதத்தையும் கேட்டு அடம்பிடிக்கிறது. உடனே ஜனவரி 1 என்று ஒரு தேதி உருவாகிறது. பிறகு ஒரு சான்றில் ஒரு தேதி, இன்னொன்றில் இன்னொரு தேதி என்று ஆகி, ‘பிறந்த தேதி பொருந்தவில்லை’ என்று அந்த முதியவர்களையே அலையவிடுகிறார்கள். ஆண்டு மட்டும் தெரிந்த நிலை காலியும் அல்ல, முழுத் தேதியும் அல்ல. அதை முழுத் தேதி வகையில் திணிப்பதும் தவறு, தெரிந்த ஆண்டையும் சேர்த்துத் தூக்கி எறிவதும் தவறு. தேதிகளை எழுதுவதற்கான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத் தர விதி, ஆண்டை மட்டுமோ ஆண்டையும் மாதத்தையும் மட்டுமோ எழுதுவதை அனுமதிக்கிறது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாக வைத்து, மாதத்தையும் நாளையும் காலியாக விட அனுமதித்தால் போதும்.

பால் சொசைட்டிகளுக்கும் கால்நடைப் பதிவுகளுக்கும் இதே நிலைதான். “ஆடிநோம்பி கழிச்சு ஊசி போட்டதுங்க” என்று மாட்டுக்குச் சினை ஊசி போட்டதை விவசாயி சொல்கிறார். மாடு சினைப்பட்ட தேதியோடு ஏறத்தாழ 280 நாட்களைக் கூட்டி மென்பொருள் கன்று ஈனும் தேதியைச் சொல்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு பால் கறப்பதை நிறுத்தி மாட்டை வற்றவிட வேண்டும். பதிவு செய்கிறவர் நாள் தெரியாமல் அன்றைய தேதியை விட்டுவிட்டால், கன்று ஈனும் தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போய், வற்றவிட வேண்டிய மாட்டைத் தொடர்ந்து கறந்துகொண்டிருப்பார்கள். மாதம் மட்டும் தெரியும் என்று பதிய வழி இருந்தால், மென்பொருளும் ‘இந்த வாரத்திலிருந்து இந்த வாரத்துக்குள்’ என்று ஒரு காலவெளியைச் சொல்லும். விவசாயிக்கு அது போதும்.

காலியை ஏற்பது அரசு நடைமுறைக்குப் புதிதும் அல்ல. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிய அனுமதிக்கிறது. பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். தமிழ்நாட்டு விதிப்படி 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். பெயர் இல்லை என்பதற்காக யாரும் ஒரு பொய்ப் பெயரை எழுதச் சொல்வதில்லை. சட்டம் எழுதியவர்கள் கடைப்பிடித்த இந்த நிதானத்தை, இணையவழி விண்ணப்பங்களை வடிவமைப்பவர்களும் தேதிக் கட்டங்களில் கடைப்பிடிக்க வேண்டும். எல்லாக் கட்டத்துக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்குவது எளிது. அதன் விளைவாக வந்து சேர்வது முழுமையான தகவல் அல்ல, முழுமையாகத் தோன்றும் தகவல்.

எதிர்க்கருத்து உள்ளவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. முடிவுத் தேதி இல்லாத இடத்தில் 31-12-9999 என்று வைத்தால், ஒரு குறிப்பிட்ட நாளில் எது நடப்பில் இருந்தது என்று தேடுவது எளிது, காலியைத் தனியாகக் கையாள வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எஸ்க்யூஎல் சர்வரின் 2016 பதிப்பில் வந்த, பழைய நிலைகளைத் தானே சேமிக்கும் அட்டவணைகளில் மைக்ரோசாஃப்டே இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. டேட்டாபேஸுக்கு உள்ளேயே, ஒரே பொருளில், விதியாக எழுதிவைத்துப் பயன்படுத்தும்வரை எனக்கு இதில் மறுப்பு இல்லை. அந்தத் தேதி திரைக்கும் ரசீதுக்கும் வேறொரு மென்பொருளுக்கும் தப்பிப் போகும்போதுதான் தொல்லை. அப்படித் தப்பாமல் காப்பது, காலியைக் கையாளுவதைவிடக் கடினம் என்பதே என் அனுபவம். வெற்று மதிப்பைத் தன் ‘நூறு கோடி டாலர் தவறு’ என்று அதை 1965-இல் புகுத்திய கணினி அறிஞர் டோனி ஹோரே 2009-இல் சொன்னதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர் வருந்தியது, நிரலில் ஒரு தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் எந்தச் சுட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெற்றாக இருக்கலாம், அதைச் சரிபார்க்கும்படி மொழி வற்புறுத்தாது என்ற நிலையைப் பற்றி. நல்லபிள் வகை, எது வெற்றாக இருக்கலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது. அவர் வருத்தத்துக்கு அது மருந்தே தவிர, அதன் தொடர்ச்சி அல்ல.

கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் இருக்கும் பொறியியல், கலைக் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு என் வேண்டுகோள் இது. ஆய்வகத்தில் மாணவர்கள் எழுதும் மாணவர் பதிவேடு, நூலகப் பதிவேடு போன்ற பயிற்சிகளில் எல்லாக் கட்டமும் நிரம்பிய மாதிரித் தரவையே கொடுக்கிறோம். புத்தகத்தை இன்னும் திருப்பித் தராத மாணவரின் ‘திருப்பிய தேதி’ என்ன என்ற கேள்வியை முதல் பயிற்சியிலேயே வைத்தால், காலியான தேதியை அவர்கள் வேலைக்குப் போன பிறகு, வாடிக்கையாளரின் கணக்கில் முதன்முதலாகச் சந்திக்கும் நிலை வராது.

மென்பொருள் வாங்கும் முதலாளிகளும் மேனேஜர்களும், விற்க வருபவரிடம் விலை பேசும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு புதிய பதிவைத் திறந்து, தேதியைத் தொடாமல் சேமிக்கச் சொல்லுங்கள், அதை மறுபடி திறந்து பாருங்கள், ரிப்போர்ட் எடுங்கள், எக்செல்லுக்கு அனுப்புங்கள். நான்கு இடத்திலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். ஏற்கெனவே ஏற்றிய தேதியை அழித்துவிட்டுக் காலியாக்க முடிகிறதா என்பதையும் கேளுங்கள். அந்த நகைக்கடன் கவுன்ட்டரில் இல்லாமல் போனது அந்த ஒரு வசதிதான்.

ஏற்கெனவே போலித் தேதிகள் சேர்ந்துவிட்ட நிறுவனங்கள், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் காலியாக்கிவிட முயல வேண்டாம். 01-01-0001 என்பதைத் தயங்காமல் மாற்றலாம். 30-12-1899, 01-01-1900 ஆகியவற்றையும் அநேகமாக எல்லா இடங்களிலும் மாற்றலாம். 01-01-1970 அப்படி அல்ல. அன்று உண்மையாகவே பிறந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே முழுத் தரவையும் முதலில் நகல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக, அந்தத் தேதி அங்கே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்த்து மாற்ற வேண்டும். பதிவு செய்த நாளும் கட்டத்தில் உள்ள தேதியும் ஒன்றாகவே இருக்கும் பதிவுகளைத் தனியே எடுத்தால், அன்றைய தேதி தவறாக நுழைந்தவற்றில் ஒரு பகுதியாவது அகப்படும். எது உண்மை, எது தானாக வந்தது என்பதைக் கம்ப்யூட்டரால் சொல்ல முடியாது; கையால் எழுதிய பேரேட்டையும் ரசீதுக் கட்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று, இடநெருக்கடியில் இருக்கும் நம் பகுதிச் சிறு நிறுவனங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் நிரலாளர் ஒருவர்,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.